தண்ணீர் போன வழி: சின்ன மாடல்களில் துருவை நிஜமாக்குவது எப்படி

பசிபிக் பெருங்கடலில் சைபான் என்றொரு தீவு இருக்கிறது. 1944 ஜூன் 15 அன்று அமெரிக்கப் படைகள் அங்கே கரையிறங்கின. அந்தப் போரின்போது கரைக்குப் போய்ச் சேராமல் ஆழமற்ற கடலிலேயே நின்றுபோன ஷெர்மன் டாங்கிகள் சில இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. சுழல் கோபுரமும் பீரங்கிக் குழலும் தண்ணீருக்கு மேலே தெரியும். மற்ற உடம்பெல்லாம் உள்ளே. எண்பது வருடமாக உப்புத் தண்ணீர், அலை, வெயில். மாடலில் துருவைக் கொண்டுவர நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த டாங்கியை 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, செய்ய உட்கார்ந்தபோது, முழு வண்டிக்கும் செங்கல் நிறப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் ஸ்பாஞ்சால் ஆரஞ்சு ஒற்றினேன். காய்ந்த பிறகு பார்த்தால் இரும்பு தெரியவில்லை, சுட்ட மண்தான் தெரிந்தது. புகைப்படத்தை வைத்துக்கொண்டுதான் நிறம் கலந்திருந்தேன், அதில் தப்பில்லை. தண்ணீர் எங்கே தங்கும், எங்கே வடியும், காற்று எங்கே படும், அந்த இடத்தில் இரும்பு எவ்வளவு தடிமன் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் தூரிகையை எடுத்ததுதான் தப்பு. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்துவிட்டால், எந்தக் கம்பெனி பெயிண்ட் என்பது இரண்டாம்பட்சம்.

ஒரே இரும்பு, பல நிறம்

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். உப்பு கூடினால் வேகம் பிடிக்கும். துருப்பிடிப்பது அடிப்படையில் ஒரு சின்ன பேட்டரி ஓடுவது மாதிரிதான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த பேட்டரி இன்னும் சுறுசுறுப்பாக ஓடும். கடலோர ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கேட் கீலைப் பார்த்தாலே போதும்.

துரு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், இலங்கையில் கறள் என்பார்கள். ஆனால் அது பல சேர்மங்களின் கலவை. புதிதாக, ஈரத்தில் உண்டாகும் துருவில் லெபிடோக்ரோசைட் அதிகம். அதுதான் அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சு. நாளாக ஆக அதில் ஒரு பகுதி கோதைட் என்ற நிலையான வடிவத்துக்கு மாறி, மங்கிப் பழுப்பாகிவிடும். துருப் படலத்தின் அடியில், ஆக்சிஜன் சரியாக எட்டாத இடத்தில், மேக்னடைட் உண்டாகும். அது கறுப்பு. கடலோரத்தில் குளோரைடு இருப்பதால் அகாகனைட் என்று இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

பழைய துரு இருட்டாக இருக்கும், புதுத் துரு பளிச்சென்று இருக்கும் என்று மாடல் செய்பவர்கள் சொல்லும் விதிக்கு அடிப்படை இதுதான். கறுப்பு கலந்த பழுப்பை அடித்தளமாகப் போட்டு, அதன்மேல் செம்பழுப்பைத் திட்டுத்திட்டாக ஒற்றி, கடைசியில் ஆரஞ்சை மிக மிகக் கொஞ்சமாக வைக்க வேண்டும். சமீபத்தில் சுரண்டப்பட்ட விளிம்பு, தண்ணீர் சொட்டும் மூலை, ஏதோ ஒன்று தினமும் உரசும் இடம், இவற்றில் மட்டும்தான் ஆரஞ்சுக்கு வேலை. பத்தில் ஒன்பது மாடல்கள் பொம்மை மாதிரித் தெரிவதற்குக் காரணம் ஆரஞ்சு அதிகமாகிப் போவதுதான் என்பது என் எண்ணம்.

அப்புறம் இன்னொரு விஷயம், நிறத்தைவிட முக்கியமானது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை எடுத்துக்கொள்ளும். பழைய மொட்டைமாடி வீடுகளில் கூரையின் அடிப்பக்கம் சிமென்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி கான்கிரீட்டையே தள்ளிவிட்டது. பெயிண்டுக்கு அடியிலும் இதே கதை. முதலில் கொப்புளம், பிறகு வெடிப்பு, பிறகு செதிலாக உதிர்வு. ஆகவே நிஜத்தில் துரு பெயிண்டின் மேலே இருப்பதில்லை, அடியிலிருந்து அதை உடைத்துக்கொண்டு வருகிறது. பெயிண்டின் மேல் பழுப்புப் புள்ளி வைத்தால் அது புள்ளியாகவே தெரிவதும், மேல் பெயிண்டைப் பெயர்த்து அடித்துருவைக் காட்டினால் கண் உடனே நம்புவதும் இதனால்தான்.

நாம் கையில் எடுக்கும் நிறங்களும் இந்தக் குடும்பம்தான். ஆயில் பெயிண்ட் ட்யூபில் வரும் பர்ன்ட் சியென்னா, அம்பர் எல்லாம் இரும்பு ஆக்சைடு கலந்த மண். கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே பட்டை பட்டையாக வரும் காவிக்கும் அடிப்படை அதுவே. துருவை வரைவதற்குத் துருவையே எடுக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

மில்லிமீட்டர் கணக்கு

ஷெர்மனின் நீளம் சுமார் 5.84 மீட்டர். 1/35 அளவில் 16.7 செ.மீ., அதாவது கைக்கு அடக்கமான பொருள். இந்த 1/35 என்ற அளவே ஜப்பானின் ஷிசுவோகாவிலிருக்கும் டமியா கம்பெனியின் முதல் பிளாஸ்டிக் டாங்கி கிட்டில் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பேந்தர் டாங்கியைச் செய்தபோது மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி வடிவமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ 1/35 வந்தது. இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு அதுதான் பொது அளவு.

சரி, துருவுக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? கடல்நீருக்குள் கிடக்கும் சாதாரண எஃகு வருடத்துக்கு சுமார் 0.1 மி.மீ. கரையும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. எண்பது வருடத்துக்கு 8 மி.மீ. ஷெர்மனின் முன்பக்கக் கவசம் 51 மி.மீ., பக்கவாட்டுக் கவசம் 38 மி.மீ. அதனால்தான் அது இன்னும் டாங்கியாகவே நிற்கிறது. ஆனால் சில மில்லிமீட்டரே தடிமனுள்ள தகடுகள், மட்கார்டு, கருவிப் பெட்டி, விளக்குக்கூண்டு போன்றவை, எண்பது வருடம் தாங்காது. ஆகவே மாடலில் முதல் வேலை பெயிண்ட் அடிப்பதே இல்லை, மெல்லிய பாகங்களைக் கழற்றி எறிவதுதான். கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பாகத்தை விட்டுவிட்டு, பழைய பற்பசை ட்யூபின் தகட்டையோ மெல்லிய அலுமினியத் தாளையோ வெட்டி, ஓரங்களைக் கிழித்து ஒட்டலாம். 1/35 அளவில் பிளாஸ்டிக் மட்கார்டு எப்படிச் சுரண்டினாலும் தடிமனாகத்தான் தெரியும்.

அதே 8 மி.மீ. நம் அளவில் 0.23 மி.மீ. ஆகிறது. கவசத்தின் மேல் அரிப்புக் குழிகள் எவ்வளவு ஆழம் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு வழிகாட்டி. கெட்டியான பிரைமரை (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தேய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி வைத்தாலோ, பெயிண்டில் சமையல் சோடா கலந்து ஒற்றினாலோ இந்த மேடுபள்ளம் கிடைத்துவிடும். அதற்கு மேல் போனால் தப்பு. மாடலில் 1 மி.மீ. உயரக் கட்டி என்பது நிஜத்தில் மூன்றரை செ.மீ. கட்டி. எந்தப் பொடியையும் எந்தப் பெயிண்ட் செதிலையும் 35ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

சைபான் டாங்கியைச் சுவாரசியமாக்குவது, அதன் உயரத்துக்குள் மூன்று நான்கு விதமான சூழல்கள் அடுக்கப்பட்டிருப்பது. மணலில் புதைந்த அடிப்பாகத்துக்கு ஆக்சிஜன் குறைவு, துரு மெதுவாகத்தான் நகரும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் உடம்பில் இரும்பே வெளியே தெரியாது. பாசியும் சுண்ணாம்பு மாதிரி இறுகிய கடல்வாழ் படிவமும் மேலே மூடிவிடும், அந்தப் பகுதிக்கு ஆரஞ்சே வேண்டாம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறித்துக்கொண்டே இருக்கும் பட்டைதான் மிக மோசமாக அரிக்கும். அங்கே எப்போதும் ஈரம், எப்போதும் உப்பு, காற்றும் தாராளம். உள்ளே கிடக்கும் எஃகைவிட இங்கே அரிப்பு மூன்று மடங்குகூட ஆகலாம். துரு தாள் தாளாகப் பிரிந்து நிற்கும். அதற்கும் மேலே, வெயிலில் காயும் கோபுரத்தில் காய்ந்த பழுப்பு, உப்புப் பூத்த வெண்மை, பறவை எச்சம். ஒரே வண்டியை நான்கு வண்டிகளாக நினைத்துப் பெயிண்ட் செய்ய வேண்டும்.

துருப்பிடிக்காதவை

எதில் துரு பிடிக்காது என்று தெரிவதும் அதே அளவு முக்கியம். இரண்டாம் உலகப்போர் விமானங்களின் உடம்பு பெரும்பாலும் அலுமினியம். பெயிண்ட் உரிந்தால் வெள்ளியாகத்தான் தெரியும், பழுப்பு வராது. விமான இறக்கையில் துரு வடிய விட்டிருக்கும் மாடல்களைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு உழைப்பும் ஒரே பார்வையில் வீணாகிவிடும். ஷெர்மனின் சக்கர விளிம்பில் இருப்பது ரப்பர், அது வெடிக்கும், வெளிறும், துருப்பிடிக்காது. துத்தநாகம் பூசிய தகரத்தில் முதலில் வெள்ளைப் பொடி மாதிரிப் பூக்கும், துத்தநாகம் தீர்ந்த பிறகுதான் பழுப்பு எட்டிப் பார்க்கும்.

சரக்குப் பெட்டகங்களின் கதை வேறு. அவை கோர்டன் என்ற வகை எஃகில் செய்யப்படுபவை. செம்பு, குரோமியம் போன்றவை கொஞ்சம் கலந்திருப்பதால், மேலே உண்டாகும் துருப் படலம் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு உள்ளே அரிப்பைத் தாமதப்படுத்தும். அதனால் பெட்டகம் முழுக்கத் துருவாக இருக்காது. இடிபட்ட மூலை, கீறல், கதவுக் கீல், அடிச்சட்டம் ஆகிய இடங்களில் துரு கிளம்பி, அங்கிருந்து மழைக்கோடு ஒன்று நேராகக் கீழே இறங்கும். துறைமுகச் சாலைகளில் லாரி பின்னால் நிற்கும்போது பாருங்கள், மாதிரிப் படம் இலவசமாகக் கிடைக்கும்.

ரயில் தண்டவாளத்தின் தலைப்பகுதி ரயில் ஓடும்வரை கண்ணாடி மாதிரி மினுங்கும். பக்கவாட்டில்தான் பழுப்பு. அதிலும் பிரேக் கட்டைத் தூளும் மண்ணும் சேர்ந்த ஒரு மங்கல் நிறம். டாங்கியின் சங்கிலிப் பட்டையும் அப்படியே. ஓடும் வண்டியில் தரையில் தேயும் பகுதி பளபளக்கும், மழையில் நிறுத்திவைத்தால் ஓரிரு நாளில் மெல்லிய ஆரஞ்சு பூத்துவிடும், மறுபடி ஓடினால் அது போய்விடும்.

இங்கேதான் மாடல் உலகத்தில் நெடுநாளாக ஒரு சண்டை. பயன்பாட்டில் இருக்கும் போர் வண்டிகளை எவ்வளவு பழையதாகக் காட்டலாம்? 1943இல் தயாராகி, சில மாதங்களில் போர்க்களத்தில் அழிந்துபோன டாங்கி ஏராளம். அவற்றுக்குக் கட்டி கட்டியாகத் துருப்பிடிக்க நேரமே கிடைக்கவில்லை. புழுதி, சேறு, எண்ணெய்க் கறை, ஆள் ஏறி இறங்கிய இடத்தில் தேய்மானம், புகைக்குழாயில் வெப்பத்தால் பெயிண்ட் எரிந்து வந்த மெல்லிய துரு, இவ்வளவுதான் நியாயம். பெயிண்ட் பெயர்ந்த இடத்திலும் எஃகுக்கு முன்னால் பிரைமர்தான் தெரியும். ஜெர்மன் டாங்கிகளில் அந்தப் பிரைமரே செம்பழுப்பு என்பதால், அதைத் துரு என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அழகுக்காக மிகைப்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மிகைப்படுத்தும்போதும் வண்டியின் வயது எவ்வளவு என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கலையே வயதைக் காட்டும் ஆசையில்தான் வளர்ந்தது. கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக் கலைஞர் தன் வீட்டில் ஒரு மலைப்பாதை ரயில் உலகத்தையே கட்டினார். மாடல் ரயில் என்றாலே பளபளவென்று இருந்த காலத்தில், அவருடைய எஞ்சின்களும் மரப்பாலங்களும் புகையும் அழுக்குமாக இருந்தன. வெதரிங், அதாவது மாடலில் வெயில் மழை பட்ட பழமையைக் காட்டுவது, என்று இன்று சொல்லும் பழக்கம் ரயில் மாடல்காரர்களிடம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீவிபத்தில் அந்த உலகம் எரிந்துபோனது. புகைப்படங்கள் மட்டும் மிஞ்சின. டாங்கி மாடல்களில் பிக்மென்ட் என்ற நிறப் பொடியையும் ஆயில் பெயிண்டையும் பரவலாக்கியதில் ஸ்பெயின்காரர் மிக் ஹிமெனெஸ் போன்றவர்களின் பங்கு பெரியது.

கை வேலை

பெயிண்டைப் பெயர்க்க இரண்டு நல்ல வழிகள் உண்டு, இரண்டிலும் அடியில் துரு நிறம் முதலில் அடித்துக் காய்ந்து, வார்னிஷ் போட்டுப் பத்திரமாகியிருக்க வேண்டும்.

முதலாவது உப்பு. துருத் தளத்தை லேசாக நனைத்து, துரு வேண்டிய இடத்தில் உப்பைத் தூவிக் காயவிட்டு, மேலே பெயிண்டை ஸ்பிரே செய்ய வேண்டும். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுத்தால், அது இருந்த இடமெல்லாம் துரு தெரியும். பொடி உப்பு மட்டும் போட்டால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வந்து அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். கல் உப்பை உரலில் ஒன்றிரண்டாக நசுக்கிப் பொடி உப்போடு கலந்தால் பெரியதும் சின்னதுமாக இயல்பாக விழும். முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும், மிச்ச உப்பு பிறகு வெள்ளையாகப் பூக்கும்.

இரண்டாவது ஹேர்ஸ்பிரே, இதுதான் எனக்குப் பிடித்தது. துருத் தளத்தின் மேல் ஹேர்ஸ்பிரேயை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்துக் காயவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட். அரை மணி ஒரு மணி நேரம் கழித்து அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்து ஒரு நிமிடம் விட்டால், தண்ணீர் பெயிண்ட் வழியாக இறங்கி ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கத் தொடங்கும். அப்போது விறைப்பான தூரிகையால் தேய்த்தால் பெயிண்ட் செதில் செதிலாக வரும், பல்குத்தும் குச்சியால் கீறல் போடலாம். எனாமலோ லாக்கரோ மேலே அடித்தால் தண்ணீர் இறங்காது. ரொம்ப நாள் விட்டாலும் அக்ரிலிக் இறுகிவிடும். ஆகவே அடித்த அன்றே முடித்துவிடுவது நல்லது. எங்கே தேய்ப்பது என்பதுதான் முழு விஷயமும். ஏறி இறங்கும் இடம், கீல், விளிம்பு, தண்ணீர் தேங்கும் தட்டையான மேற்பரப்பு. கை போன போக்கில் தேய்த்தால் மறுபடியும் பொம்மைதான்.

துரு வடிந்த கோடுகளுக்கு ஆயில் பெயிண்டை மிஞ்ச எதுவும் இல்லை. ட்யூபிலிருந்து கொஞ்சத்தை ஒரு அட்டையில் வைத்து அரை மணி நேரம் விட்டால் அதிலுள்ள எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு பளபளப்பில்லாமல் காயும். துரு கிளம்பும் இடத்தில் ஊசிமுனைப் புள்ளி ஒன்று வைத்து, பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பென்டைனில் நனைத்துத் துடைத்த தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். தொடங்கும் இடத்தில் அடர்த்தி, போகப்போகக் காணாமல் போக வேண்டும். நிஜத்தில் கோடுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது, வழியில் ரிவெட் வந்தால் சுற்றிப் போகும். பிடிக்கவில்லையென்றால் டர்பென்டைனால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம், அதற்குத்தான் கீழே வார்னிஷ்.

கடைசியாக பிக்மென்ட் பொடி. கலர் சாக் கட்டியை உப்புத்தாளில் தேய்த்தாலே பொடி கிடைக்கும். நான் நிஜத் துருவையே பொடியாக்கி வைத்திருக்கிறேன். ஹார்டுவேர் கடையில் மரவேலைக்கு விற்கும் மெல்லிய எஃகுக் கம்பளியை உப்புத் தண்ணீரில் நனைத்துத் திறந்து வைத்தால் சில நாளில் துருவாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் சுருள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு என்பதால் அது உதவாது. துருவைப் பலமுறை நீரில் அலசி உப்பைப் போக்கி, காயவைத்து, அரைத்து, துணியில் சலித்து எடுக்க வேண்டும். அரைக்கும்போது முகக்கவசம் அவசியம். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று இணையத்தில் சொல்வார்கள், பிடிக்கும்தான். ஆனால் அந்தக் கலவையில் உண்டாகும் பெராசெட்டிக் அமிலம் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும், மூடிய பாட்டிலில் வைத்தால் அழுத்தம் ஏறும். நான் அதை வீட்டுக்குள் செய்வதில்லை.

இரும்புத்தூள் கலந்த பெயிண்டை மாடலிலேயே அடித்துத் துருப்பிடிக்க வைக்கும் பொருட்களும் உண்டு. நிறம் அருமையாக வரும். ஆனால் வேதிவினைக்கு 1/35 என்ற அளவு தெரியாது. துகள்கள் அதே பருமனில் இருக்கும், எங்கே நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவும் முடியாது. நங்கூரம் மாதிரி ஒரே ஒரு பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், முழு மாடலுக்கு வேண்டாம்.

மறுபடி சைபான் டாங்கிக்கு வருகிறேன். இரண்டாவது முயற்சியில் எல்லாம் ஓரளவு ஒத்துவந்த பிறகும் பீரங்கிக் குழல் மட்டும் பொய்யாகத் தெரிந்தது. மழையும் வெயிலும் மேலேதானே படுகிறது என்று குழலின் மேற்பக்கத்தில் அதிகத் துரு வைத்திருந்தேன். நிஜத்தில் நடப்பது தலைகீழ். மேற்பக்கத்தில் படிந்த உப்பை மழை கழுவிவிடும், வெயில் சீக்கிரம் காயவைக்கும். மழை நேராகப் படாத அடிப்பக்கத்தில்தான் உப்பு தங்கும், ஈரம் காய நேரமாகும், துளிகள் திரண்டு தொங்குவதும் அங்கேதான். மேற்பக்கத்தை மங்கிய பழுப்பாக அடக்கிவிட்டு, வெண்மை கொஞ்சம் தடவினேன். குழலைத் திருப்பிப் பிடித்து, அடிவயிற்றில் தாள் தாளான கட்டியும், வாய்ப்பக்கம் சொட்டு நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி ஆரஞ்சும் வைத்தேன். முழு டாங்கியிலும் பளிச்சென்ற ஆரஞ்சு வேறு இரண்டே இடங்களில்தான் இருக்கிறது.